எந்தக் கண்ணைப் பார்ப்பது?

மட்டக்களப்பு வாவியைக் கடந்து பழகியவர்களுக்குப் "பாதை" என்ற சொல்லிற்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று எல்லாரும் அறிந்த வழி. மற்றது துறைக்குத் துறை ஆட்களையும் சைக்கிள்களையும் நெல்மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு மெல்ல நகரும் மிதவை. சுமார் 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கும், குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கும் பாதையேறிப் போனவர்கள் ஒன்றை அனுபவித்திருப்பார்கள். ஏறியவர்களுக்கு இறங்கும்வரை செய்வதற்கு வேலை எதுவுமில்லை. ஆகவே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

இந்தப் பார்வைதான் என் மாமாவுக்கு வினையாயிற்று.

மாமா என் தாயாரின் இளைய சகோதரர். படுவான்கரைக் கிராமமொன்றிற் பிறந்தவர். எழுவான்கரையில் ஒரு சங்கக்கடையிற் கணக்கெழுதும் வேலைக்காக நாள்தோறும் வாவியைக் கடந்து போய்வந்தவர். அவருடைய இடக்கண் குழந்தைப் பருவத்திலிருந்தே வெளிப்புறமாக விலகியிருந்தது. வலக்கண் உங்களைப் பார்க்கும். இடக்கண் உங்களுக்கு அப்பால் வேறெங்கோ பார்க்கும். 1988 ஆம் ஆண்டளவில், அவருக்கு இருபத்துமூன்று வயதிருக்கையில், ஒரு மாலைப்பொழுது பாதையில் நின்று அக்கரை மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அவருக்கு இடப்புறத்தில் ஓர் இளம்பெண் நின்றாள். வலப்புறமாக வந்த அவளுடைய தமையன், "என்ன தம்பி, ஏறின நேரந் தொட்டு எங்கட புள்ளயில கண் வைச்சிருக்கிறாய்?" என்று கேட்டான். மாமா திரும்பி அவனைப் பார்த்தார். அது நிலைமையை இன்னும் மோசமாக்கிற்று. வலக்கண் தமையனைப் பார்க்க, இடக்கண் அந்தப் பெண் நின்ற திசையிலேயே நின்றது.

கைகலப்பு நேரவில்லை. வயதான ஒருவர் குறுக்கே புகுந்து, "அவன்ட கண் அப்பிடித்தான் மனே, விடு" என்று விலக்கிவிட்டார். அடி விழுந்திருந்தாலும் அவ்வளவு நொந்திருக்காது, அந்தச் சமாதான வார்த்தைதான் நெஞ்சிலே தைத்தது என்று மாமா பின்னாளிற் சொல்லக் கேட்டிருக்கிறேன். அடுத்த கிழமையே பட்டினத்துக்குப் போய் ஒரு கறுப்புக்கண்ணாடி வாங்கினார். இருபத்தைந்து ஆண்டுகள் அதனைக் கழற்றவில்லை. மழையிலும் இரவிலும் அணிந்தார். வைகாசியிற் கண்ணகியம்மன் சடங்குக்குப் போகும்போது மாத்திரம் அம்மன் முன்னிலையிற் கழற்றுவார். அப்பொழுதும் தலையை நிமிர்த்தமாட்டார்.

இந்தக் குறைக்கு நம் தமிழிற் பல பெயர்கள் உண்டு. மாறுகண் என்பது நூல்வழக்கு. பேச்சிலே வாக்குக்கண் என்போம். ஒன்றரைக்கண் என்ற பெயரும் வழங்குகிறது. இந்தக் கடைசிப் பெயரை வைத்தவரின் கணக்கை நான் ஒப்புக்கொள்வதில்லை. மாறுகண்ணரிற் பலருக்கு இரண்டு கண்களும் தனித்தனியே நன்றாகத் தெரியும். இரண்டும் ஒரே இடத்தில் ஒருங்கே நிலைகொள்ளவில்லை என்பதுதான் குறை. ஒருவரிற் பாதியைக் கழித்துவிடும் பெயரைப் பள்ளிக்கூட வாசலிலேயே பிள்ளைகள் சூட்டிவிடுகிறார்கள்; அது சவக்குழிவரை கூடப் போகிறது. நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பேர்வரை இக்குறையுடையவர்கள் என்று உலகெங்கும் எடுத்த கணக்குகள் கூறுகின்றன. ஆயிரம் மாணவர்கள் படிக்கும் ஒரு பாடசாலையில் இருபது பேராவது இருப்பர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இருவர் எதிரெதிரே நின்று பேசும்போது கண்கள் செய்யும் தொழிலைப் பற்றி நாம் நினைப்பதேயில்லை. யாரை நோக்கிப் பேசுகிறோம், எப்பொழுது நிறுத்துகிறோம், சொல்வது விளையாட்டா மெய்யா என்பதையெல்லாம் கண் சொல்லிவிடுகிறது. மாறுகண்ணருக்கு முன்னால் நிற்பவருக்கு எந்தக் கண்ணைப் பார்ப்பதென்று தெரியாது. சிலர் பின்னால் யாரேனும் நிற்கிறார்களோ என்று திரும்பிப் பார்ப்பார்கள். சங்கக்கடையில் மாமா விலை சொன்னால், அடுத்து நிற்பவர் "எனக்கா சொன்னீங்க?" என்று கேட்பது வழக்கம். ஒரு நாளைக்குப் பத்துமுறை இதனைக் கேட்ட மனிதர் பத்தாண்டுகளில் என்ன ஆவார்? மாமா கடையின் முன்பக்கத்திற்கு வருவதையே விட்டுப் பின்னறையிற் பேரேட்டுடன் ஒடுங்கினார். முகாமையாளர் பதவி காலியானபோது விண்ணப்பம் அனுப்பவில்லை. அதற்கு ஆட்களோடு பேசவேண்டும் என்பது அவர் சொன்ன காரணம்.

போர்க்காலத்தில் இக்குறைக்கு வேறோர் ஆபத்தும் சேர்ந்துகொண்டது. அக்காலத்திற் சோதனைச் சாவடியைத் தாண்டாமல் எங்கும் போகமுடியாது. அடையாள அட்டையை நீட்டி, கறுப்புக்கண்ணாடியைக் கழற்றி, நேரே பார்க்கவேண்டும். நேரே பார்க்கமாட்டாத கண்ணை உடையவனுக்கு "நேரே பார்" என்ற கட்டளை எவ்வளவு கொடியது என்பதை எண்ணிப் பாருங்கள். பார்வையைத் திருப்புகிறவன் எதையோ மறைக்கிறான் என்பது எந்த நாட்டுக் காவலனுக்கும் முதலில் தோன்றும் எண்ணம். ஒருமுறை மாமாவை இரண்டு மணிநேரம் வெயிலில் நிறுத்திவைத்தார்கள். அவரைத் தெரிந்த ஒரு பள்ளி ஆசிரியர் அவ்வழியே வந்ததனால் வீடு வந்து சேர்ந்தார்.

கலியாணப் பேச்சைப் பற்றி விரித்தெழுத வேண்டியதில்லை. எங்கள் பக்கத்திற் பெண்ணுக்கு வீடுவளவு கொடுத்து, மாப்பிள்ளை அங்கே போயிருப்பது வழமை. ஆகையால் வருகிற மாப்பிள்ளையின் முகத்தைப் பெண்வீட்டார் நன்றாகவே பார்ப்பார்கள். மூன்று சம்பந்தங்கள் பேச்சளவில் நின்றன. நாலாவது இடத்திலே பெண்ணே, "எனக்குச் சம்மதம்" என்று சொன்னதனால் 1999 இற் கலியாணம் நடந்தது. அந்தப் படங்கள் எங்கள் வீட்டிலே இருக்கின்றன. எல்லாவற்றிலும் மாமா பக்கவாட்டிலே திரும்பி மாமியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அன்பின் மிகுதி என்று சிறுவயதில் நாங்கள் நினைத்திருந்தோம்.

அறிவியல் இதனைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை இனிப் பார்ப்போம்.

ஒவ்வொரு கண்விழியையும் ஆறு சிறு தசைகள் பற்றியிருக்கின்றன. நான்கு நேர்த்தசைகள், இரண்டு சாய்தசைகள். பாய்மரத்தை நாலாபுறமும் கயிறுகள் இழுத்து நிறுத்துவதுபோல இவை விழியை நிறுத்துகின்றன, திருப்புகின்றன. மூளையிலிருந்து வரும் மூன்று நரம்புகள் இத்தசைகளை ஏவுகின்றன. மூன்றாம் மண்டை நரம்பு நான்கு தசைகளையும், நான்காவதும் ஆறாவதும் ஒவ்வொரு தசையையும் ஆளுகின்றன. இரண்டு கண்களுக்குமாகப் பன்னிரண்டு தசைகள். இப்பன்னிரண்டும் ஓர் இமைப்பொழுதும் பிசகாமற் சேர்ந்து இயங்கினாற்றான் இரு விழிகளும் ஒரு பொருளில் ஊன்றும். இவ்வளவு சிக்கலான ஏற்பாடு நம்மிற் பெரும்பாலோருக்குப் பழுதின்றி நடப்பதே வியப்பு.

இரு கண்களும் சிறிது இடைவெளி விட்டு அமைந்திருப்பதால் ஒவ்வொன்றும் சற்றே வேறுபட்ட காட்சியை மூளைக்கு அனுப்புகிறது. அவ்விரண்டையும் மூளை ஒன்றாக்கும்போது பொருள்களின் ஆழமும் தூரமும் தோன்றுகின்றன. 1838 இல் இங்கிலாந்தின் சாள்ஸ் வீற்ஸ்ரன் என்ற அறிஞர் கண்ணாடிகளைக் கொண்ட ஒரு கருவியினால் இதனை நிறுவிக் காட்டினார். ஒரு கண் விலகிவிட்டால் இரண்டு காட்சிகளும் ஒன்றோடொன்று பொருந்தா. அப்பொழுது நேர்வது குழந்தைக்கு ஒன்று, பெரியவருக்கு வேறொன்று.

குழந்தையின் மூளை இளக்கமானது. குழப்பந்தரும் காட்சியை அது மெல்ல ஒதுக்கிவிடும். அதனாற் குழந்தைக்கு இரட்டையாகத் தெரிவதில்லை. ஆனால் ஒதுக்கப்பட்ட கண்ணின் பார்வை நாளடைவில் மங்கிப் போகலாம். இதனைச் சோம்பற்கண் என்பர். கண்ணுக்கும் மூளைக்குமுள்ள இந்த இளமைக்கால உறவை ஆராய்ந்த ஹியூபெல், வீசெல் என்ற இரு அறிஞர்கள் 1981 இல் நோபெல் பரிசிற் பங்குபெற்றனர். ஆகவேதான் பிள்ளையின் கண் விலகியிருப்பதைக் கண்ட பெற்றோர் ஒருநாளும் தாமதிக்கலாகாது. "வளர வளரச் சரியாகிவிடும்" என்ற ஆறுதலும், "வாக்குக்கண் அதிர்ஷ்டம்" என்ற பெருமையும் எத்தனையோ பிள்ளைகளின் ஒரு கண்ணைப் பறித்திருக்கின்றன. மாமாவுக்கும் அந்த அதிர்ஷ்டமே வாய்த்தது. நல்ல கண்ணைச் சிலகாலம் மூடிக்கட்டியும், மூக்குக்கண்ணாடி கொடுத்தும் மங்கிய கண்ணை மீட்கும் முறை ஏழெட்டு வயதுக்குள் மிக நன்றாகப் பயன் தரும்.

இதிலிருந்து ஒரு தப்பெண்ணம் பிறந்துவிட்டது. சிறுவயதிற் பார்வையை மீட்காவிட்டாற் பின்னர் செய்வதற்கு ஒன்றுமில்லை. வளர்ந்தவருக்குக் கண்ணை நேராக்குவது வெறும் அலங்காரம் என்பதே அது. மாமா முப்பது வயதளவில் ஒரு வைத்தியரிடம் போனபோது அவருக்குக் கிடைத்த மறுமொழி இதுதான்: "உமக்குக் கலியாணம் பேசுகிறார்களா? இல்லையென்றால் ஏன் வீண் சிரமம்?" அவ்வைத்தியர் கெட்டவரல்லர். அக்காலத்திற் பல நாடுகளிலும் பல வைத்தியர்கள் அவ்வாறே எண்ணியிருந்தனர்.

அந்த எண்ணத்தை மாற்றியவர்கள் நோயாளரிடம் நேரே கேட்டவர்கள். அமெரிக்காவில் மேயோ வைத்தியசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் மாறுகண்ணுடைய வயதுவந்தோரிடமே அவர்களுடைய வாழ்க்கையைப் பற்றிக் கேட்டு, 2009 இல் இருபது வினாக்கள் கொண்ட ஒரு வினாக்கொத்தை வெளியிட்டனர். பத்து வினாக்கள் பிறர் தம்மைப் பார்க்கும் விதத்தைப் பற்றியவை. மற்றப் பத்து வாசிப்பு, வேலை, தூரத்தை மதித்தல் முதலான காரியங்களைப் பற்றியவை. இரண்டு கூறுகளும் சம அளவில் இருப்பதைக் கவனியுங்கள். கண்ணாலே எதனைக் காண்கிறோம் என்பதைப் போலவே, கண்ணை வைத்து நம்மை எவ்வாறு காண்கிறார்கள் என்பதும் வாழ்க்கையின் ஒரு பங்கு என்று நோயாளர் சொன்னதை வைத்தியம் ஒப்புக்கொண்டது. இந்தக் குறை நீங்குவதற்காகத் தங்கள் ஆயுளிற் சிறிது குறைந்தாலும் சம்மதமே என்று கூறியவர்களும் வேறு ஆராய்ச்சிகளிற் பலர்.

சுவிட்சர்லாந்திற் செய்த இரண்டு சோதனைகளையும் சொல்லவேண்டும். ஒன்றிற் பிள்ளைகளின் நிழற்படங்களைச் சிறுவர்களிடம் காட்டி, உங்கள் பிறந்தநாள் விருந்துக்கு யாரை அழைப்பீர்கள் என்று கேட்டனர். ஒரே பிள்ளையின் படத்தை நேர்கண்ணாகவும் மாறுகண்ணாகவும் திருத்தி வைத்திருந்தனர். ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட சிறுவர் வேறுபாடு பார்க்கவில்லை. ஆறு வயதைத் தாண்டியவர்கள் மாறுகண் பிள்ளையைக் குறைவாகவே அழைத்தார்கள். மற்றச் சோதனையில், உத்தியோகத்துக்கு ஆள் தெரிந்து கொடுப்பதைத் தொழிலாகக் கொண்டவர்களிடம் கேட்டனர். மாறுகண்ணருக்கு வேலை கிடைப்பது கடினம் என்று அவர்களிற் பலர் மறைக்காமற் சொன்னார்கள். ஆறு வயதிற் கற்ற பாடத்தை நாம் மறப்பதில்லைப் போலும். நம் திரைப்படங்களில் நகைச்சுவைக்கு வேறு சரக்குக் கிடைக்காதபோதெல்லாம் ஒரு மாறுகண்ணனைக் கொண்டுவந்து நிறுத்துவதும் அந்தப் பாடத்தின் தொடர்ச்சியே.

பார்வையினால் வரும் இடர்களைச் சிறிது சொல்கிறேன். சிறுவயது முதல் மாறுகண்ணாயிருப்பவர்கள் ஆழத்தை வேறு குறிகளாற் கண்டுகொள்வர். நிழல், பொருள்களின் பருமன், தலையை அசைக்கும்போது அவை நகரும் விதம் இவையெல்லாம் உதவும். ஆகவே அவர்கள் தோணி வலிப்பர், வலை வீசுவர், சைக்கிள் ஓட்டுவர். ஊசியில் நூல் கோப்பதும், கிண்ணத்திற்குத் தேநீர் வார்ப்பதும், இருட்டிற் படியிறங்குவதும் சற்றுச் சிரமம். ஓவியர் றெம்பிராண்ட் தம்மைத் தாமே தீட்டிய படங்களை அளந்து பார்த்த அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர், அவருக்கும் கண்விலகல் இருந்திருக்கலாமென 2004 இல் எழுதினார்கள். உலகத்தைத் தட்டையாகக் கண்டதனாலே தட்டையான துணியில் அதனைத் தீட்டுவது அவருக்கு எளிதாயிற்றாம்! ஊகந்தான்; எனினும் மாமாவுக்கு இதனை வாசித்துக் காட்டியபோது மிக மகிழ்ந்தார்.

வளர்ந்தபின் புதிதாகக் கண் விலகுவோரின் கதை முற்றிலும் வேறானது. முதிர்ந்த மூளை எந்தக் காட்சியையும் ஒதுக்க அறியாது. ஆகவே எல்லாம் இரட்டையாகத் தெரியும். எங்கள் அயலில் நீரிழிவு நோயுள்ள ஒருவர் ஒருநாட் காலை எழுந்தபோது இரண்டு கல்லடிப் பாலங்களைக் கண்டார். (1924 இற் கட்டிய பழைய பாலத்துக்குப் பக்கத்திலே 2013 இற் புதிய பாலமும் திறக்கப்பட்டதால் அங்கே மெய்யாகவே இரண்டு பாலங்கள் உண்டு; அவர் கண்டது நான்கு என்று சொல்லவேண்டும்.) வெளிப்புறம் விழியைத் திருப்பும் ஆறாம் நரம்பு நீரிழிவினாற் சோர்ந்துவிட்டது என்று வைத்தியர் கூறினார். ஒரு கண்ணை மூடிக்கட்டிக்கொண்டு, சீனியைக் கட்டுப்படுத்தி, மூன்று மாதத்திற் குணமடைந்தார். இவ்வகை நரம்புச் சோர்வு பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதத்திற் தானே தெளியும்.

ஆனால் எல்லா இரட்டைப் பார்வையும் இப்படித் தெளிவதில்லை. திடீரென இரட்டையாகத் தெரிந்தால், அதனோடு இமை சரிந்தாலோ, கடுந் தலைவலி வந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, அந்தக் கணமே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். மூளையின் இரத்தக் குழாய் வீங்கியிருக்கலாம், பாரிசவாதத்தின் தொடக்கமாயிருக்கலாம். கைரொயிட்டுச் சுரப்பியின் நோயும், தசைகள் களைத்துவிடும் நோயொன்றும் இவ்வாறு தோன்றுவதுண்டு. மோட்டார் சைக்கிள் விபத்திலே தலையில் அடிபட்டவர்களுக்கும் வரும். நான்காம் நரம்பு மெல்லியதும் நீண்டதுமாகையால் அதற்கே ஊறு அதிகம். வயலிலும் வாடியிலும் இரவு தங்குவோர் அறிந்திருக்கவேண்டியது இன்னொன்று. கட்டுவிரியன் கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இராது. இமை கனத்துச் சரிவதும், பொருள்கள் இரண்டாகத் தெரிவதுமே நஞ்சு ஏறியதன் முதல் அறிகுறியாகலாம். உறக்கக் கலக்கம் என்று படுத்துவிடுவோர் மூச்சு நின்று இறந்துபோவர்.

சிகிச்சைக்கு வருவோம். மாறுகண்ணைத் திருத்தும் முயற்சி மிகப் பழையது. ஏழாம் நூற்றாண்டிலே கிரேக்க வைத்தியர் பவுல், நேரே மாத்திரம் பார்க்கும்படி துளையிட்ட முகமூடியைக் குழந்தைகளுக்கு அணிவிக்கச் சொன்னார். சத்திரத்தினாற் கண்ணை நேராக்கியவர் ஜேர்மனியின் டீபென்பாக். 1839 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் பேர்லின் நகரிலே ஏழு வயதுச் சிறுவன் ஒருவனுடைய கண்ணில் இறுகியிருந்த தசையை அவர் வெட்டிவிட்டார். மயக்கமருந்தாக ஈதர் புகழ்பெற்றது 1846 இலேயே என்பதை நினைத்தால் அந்தச் சிறுவனுக்கு இன்றும் நம் அனுதாபம் உரியது. அவ்வெற்றியைக் கேட்டு ஐரோப்பாவெங்கும் பலர் கத்தியெடுத்தார்கள்; வெட்டிய தசை வேண்டிய அளவுக்குமேல் விலகி, உள்நோக்கிய கண் வெளிநோக்கிய கண்ணானதும் உண்டு.

இப்பொழுது தசையை வெறுமனே வெட்டிவிடுவதில்லை. அளந்து, அது பற்றியிருக்கும் இடத்திலிருந்து சில மில்லிமீற்றர் பின்னே தள்ளித் தைப்பர். அல்லது சிறிது குறைத்து இறுக்குவர். கண்ணைத் தோண்டியெடுத்து வெளியில் வைத்துத் திருத்திவிட்டு மீண்டும் பொருத்துகிறார்கள் என்று நம்மவர்களிற் பலர் நம்புகின்றனர். அது முழுப் பொய். விழி தன் குழியை விட்டு அசைவதில்லை. விழியின் உள்ளேயும் கத்தி போவதில்லை. பெரியவர்களுக்கு முடிச்சைத் தளர்வாக விட்டு, விழித்தபின் கண் நிற்கும் நிலையைப் பார்த்து இறுக்கும் முறையும் உண்டு. விலகல் சிறிதாயிருந்தாற் பட்டகக் கண்ணாடியே போதும். சில வகைகளுக்குத் தசையைத் தற்காலிகமாகத் தளர்த்தும் ஊசி உதவும். அமெரிக்காவில் டொக்டர் அலன் ஸ்கொட் மாறுகண்ணுக்காகவே அதனைக் கண்டார். 1989 இல் அந்நாட்டு அரசு அனுமதி கொடுத்தது. நடிகர்கள் முகச்சுருக்கத்தைப் போக்க இன்று போட்டுக்கொள்ளும் ஊசி அதுவே என்பது பலருக்குத் தெரியாது.

இவற்றால் எல்லாருக்கும் எல்லாம் கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. மங்கிப்போன கண்ணின் பார்வை பெரியவருக்குச் சத்திரசிகிச்சையினால் தெளிவடையாது. சிலருக்கு இரண்டாம் முறையும் சத்திரம் வேண்டியிருக்கும். ஆண்டுகள் சென்றபின் கண் மீண்டும் விலகுவதும் உண்டு. இரட்டைப் பார்வை தோன்றக்கூடுமா என்பதை முன்கூட்டியே பட்டகம் வைத்துச் சோதிப்பார்கள். எனினும் உள்நோக்கிய கண் நேரானால் பக்கப் பார்வை விரியும். சிலருக்கு இரு கண்களும் சேர்ந்து பார்க்கும் ஆற்றலும் ஓரளவு திரும்பும். அமெரிக்காவில் நரம்பியற் பேராசிரியையாக இருந்த சூசன் பரி சிறுவயதில் மூன்று சத்திரசிகிச்சைகள் பெற்றுக் கண் நேராகியும் ஆழத்தை அறியாதிருந்தவர். நாற்பத்தெட்டாம் வயதிற் கண்பயிற்சிகளைத் தொடங்கியபின், மோட்டார் வாகனத்தின் சுக்கான் வளையம் தன் முன்னே தனித்து நிற்பதை ஒருநாள் முதன்முதலாகக் கண்டார். அவருடைய கதையை வைத்தியரும் எழுத்தாளருமான ஒலிவர் சாக்ஸ் 2006 இல் எழுதியதும் உலகம் அறிந்தது.

மாமாவைத் திருப்பியது ஒரு வாசிப்புக் கண்ணாடி. நாற்பத்தேழு வயதிற் பேரேட்டின் எழுத்துகள் மங்கத் தொடங்கின. அதற்காகக் கண் பார்க்கப் போன இடத்தில், கறுப்புக்கண்ணாடியைக் கழற்றச் சொன்ன இளம் வைத்தியர் சிறிதுநேரம் பேசாதிருந்துவிட்டு, "ஐயா, இதனை ஏன் இவ்வளவு காலம் விட்டுவைத்தீர்கள்?" என்று கேட்டாராம். வாழ்நாளில் அக்கேள்வியை அவரிடம் எவரும் கேட்டதில்லை. நம் நாட்டின் அரசாங்க வைத்தியசாலைகளிற் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிற் கண்பிரிவு உண்டு. வேண்டியவிடத்துக் கொழும்புத் தேசிய கண் வைத்தியசாலைக்கு அனுப்பிவைப்பர். மாமா பணத்துக்கு அஞ்சவில்லை. "இந்த வயதில் அலங்காரம் தேவையா?" என்று ஊர் கேட்குமே என்றுதான் அஞ்சினார். மாமி ஒருத்திதான் பிடிவாதமாக நின்று, 2013 இற் புகைவண்டியேற்றிக் கொழும்புக்கு அழைத்துப்போனார்.

ஒரு மணிநேரத்துக்குட்பட்ட சத்திரசிகிச்சை. கண் இரண்டு கிழமை செம்பரத்தம்பூப் போலச் சிவந்திருந்தது. மூன்று கிழமை இடையிடையே இரட்டையாகத் தெரிந்து, பின்னர் அடங்கிற்று. இப்பொழுதும் மிகக் களைத்திருக்கும்போது இடக்கண் சற்றே விலகும். தெரிந்தவர்கள் கூர்ந்து பார்த்தாலன்றிப் புலப்படாது. முகாமையாளர் பதவி போனது போனதுதான். ஓய்வுபெறும்வரை அவர் கணக்கெழுதுபவராகவே இருந்தார். ஆனால் பின்னறையிலிருந்து மேசையைக் கடையின் முன்பக்கத்துக்கு நகர்த்திக்கொண்டார்.

கண் நேராகியும் கழுத்து நேராகச் சிலகாலம் பிடித்தது. யாரேனும் பேச வந்தால் முகத்தைப் பக்கவாட்டிலே திருப்பித் தலையைக் குனியும் பழக்கம் மாமாவை விடவில்லை. ஒருநாள் எங்கள் வீட்டிலே எல்லாரும் உண்டுகொண்டிருக்கையில் அவர் அவ்வாறே திரும்ப, மாமி சோற்றுக் கரண்டியை வைத்துவிட்டு, "இன்னும் ஆருக்கு ஒளிக்கிறீங்க?" என்று கேட்டார். மாமா சிரித்தார். சிரிக்கும்போது அவர் கண்கள் எப்படியிருக்கும் என்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கறுப்புக்கண்ணாடி இன்னும் இருக்கிறது. வேளாண்மை வெட்டிச் சூடடிக்கும் நாட்களிலே தூசிக்காக மாத்திரம் அதனை எடுத்து அணிகிறார்.